சிங்கமீன் குத்த லைசென்ஸ் வேண்டாம்: ஃபுளோரிடா விதி எதுவரை செல்லும்?

ஃபுளோரிடா கடலில் மீன் பிடிக்கப் பொதுவாக லைசென்ஸ் வேண்டும். பல மீன்களுக்கு அளவு, எண்ணிக்கை, பருவம் என்று கட்டுப்பாடுகளும் உண்டு. லயன்ஃபிஷ் எனும் சிங்கமீனுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் கிடையாது; சில கருவிகளால் பிடித்தால் லைசென்ஸும் வேண்டாம். எந்த மாதமும், எந்த அளவிலும், எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

காரணம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும்தான் இதன் சொந்த இடம். (நம் மன்னார் வளைகுடாவில் இது ஊர் மீன், அங்கே இதை ஒழிக்க வேண்டிய தேவையே இல்லை.) ஃபுளோரிடாவில் 1985இல் டேனியா பீச் அருகே முதலில் தென்பட்டது. அந்தப் பக்கத்துக் கடலில் இதை அடக்கிவைக்கும் எதிரி இல்லை. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டைகள் வரை இடும். பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து பவளத்தைக் காக்கிற கிளிமீன்களின் குஞ்சுகளையும் விழுங்கிவிடும். தூண்டிலில் அபூர்வமாகத்தான் சிக்கும். ஆனால் ஆள் நெருங்கினாலும் பெரும்பாலும் ஓடாது. அதனால்தான் ஈட்டி.

2012 வரை ஒரே நாளில் 100 பவுண்டுக்கு மேல் பிடித்தால் வணிக லைசென்ஸ் கேட்டார்கள். மாநில மீன், வனவிலங்கு ஆணையம் அந்த வரம்பை நீக்கியது. லைசென்ஸ் விலக்கும் அப்போதுதான் வந்தது. இது சரியான முடிவு என்பேன்.

விலக்கு எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. போல் ஸ்பியர் (ரப்பர் நாடா கட்டிய நீண்ட கைஈட்டி), ஹவாயியன் ஸ்லிங் (கவண்போல் ஈட்டியை எய்யும் கருவி), கைவலை, சிங்கமீனுக்கென்றே செய்து விற்கும் ஈட்டி ஆகியவற்றுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. தூண்டில் போட்டால் வேண்டும். விசையை அழுத்தி ஈட்டியை எய்யும் சாதாரண ஸ்பியர்கன்னால் பிடித்தாலும் வேண்டும். சுற்றுலா வந்தவருக்கும் இதே விதிதான்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இடத்தைப் பற்றித்தான். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எங்கு வேண்டுமானாலும் குத்தலாம் என்று ஆகாது. பொதுமக்கள் குளிக்கும் கடற்கரை, மீன்பிடி மேடை, மீன் பிடிக்க அனுமதியுள்ள பாலப் பகுதி ஆகியவற்றிலிருந்து 100 கஜத்துக்குள் ஈட்டி கூடாது. பென்னிகேம்ப் பவளப்பாறைப் பூங்காவில் கூடாது. மன்றோ மாவட்டத்தில் லாங் கீ தீவு தொடங்கி வடக்கே மயாமி-டேட் மாவட்ட எல்லைவரை மாநிலக் கடலிலும் கூடாது. அப்புறம், நீரில் இறங்கும்போது, கீழே ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டும் முக்குளிப்புக் கொடி கட்டாயம்.

பிடித்ததை வீட்டில் சமைக்கலாம். விற்பதற்கு வணிக லைசென்ஸ் வேண்டும். உயிருள்ள சிங்கமீனை மாநிலத்துக்குள் இறக்குமதி செய்ய 2014 முதல் தடை.

கையாளும்போது கவனம்: 18 நச்சு முட்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அந்த இடத்தை வைத்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். துண்டுபோடும் முன் முட்களைக் கத்தரித்துவிட்டால் சதையைச் சாப்பிடுவதில் பயமில்லை. அதில் நஞ்சு இல்லை.