வேப்பெண்ணெய் ஏன் திரிந்துபோகிறது?

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் மொட்டைமாடியில் கத்தரியும் வெண்டையும் வைத்த முதல் வருடம், இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. வேப்பெண்ணெயையும் காதி சோப்பையும் போர் தண்ணீரில் கலந்து அடித்தேன். பூச்சி அப்படியே இருந்தது. நாலைந்து செடிகளில் இலைதான் கருகியது. வேப்பெண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு தண்ணீரில்.

எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேராது. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து, கலவை பால்போல வெளுத்து நிற்கும். ஆனால் சேர்வராயன் மலையடி மேக்னசைட் என்கிற, மெக்னீசியம் உள்ள வெள்ளைக்கல் கிடைக்கிற பூமி. இங்கே பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அதிலுள்ள மெக்னீசியமும் கால்சியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும். துணி துவைக்கையில் நுரை வராமல் பார்த்திருப்பீர்களே, அதேதான். சோப்பு போனதும் எண்ணெய் மேலே மிதக்கிறது. தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் செடிகளுக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிகளுக்கு வெறும் எண்ணெய். கருகியவை அந்தக் கடைசிச் செடிகள்.

மழைத்தண்ணீரோ குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய சாற்றைச் சேருங்கள். அதன் நுரைக்குக் காரணமான சப்போனின், சோப்பைப்போல உப்புத் தண்ணீரில் திரியாது. இப்போது நான் அதைத்தான் நம்புகிறேன்.

சரியாகக் கலந்த எண்ணெய் இரண்டு வழியில் வேலை செய்கிறது. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக மூச்சு விடுகிறது. தண்ணீர் அந்தத் துளைகளில் எளிதில் நுழையாது. எண்ணெய் படர்ந்து அடைத்துவிடும். அதனால் அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ மீது நேராகப் படவேண்டும். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததே வீண்.

இரண்டாவது, அசாடிராக்டின். வேப்பங்கொட்டையிலிருந்து 1968-இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்தச் சிக்கலான மூலக்கூறை ஆய்வகத்தில் முழுமையாகச் செய்துமுடிக்க 2007 ஆகிவிட்டது. இலையைத் தின்னவிடாமல் பூச்சியை விலக்கும். தின்ற புழுவுக்கோ தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன் குலைந்து, பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதற்குச் சில நாள் ஆகும். மறுநாளே பூச்சி சாகவில்லை என்று கைவிடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

வெயில் அசாடிராக்டினைச் சிதைக்கும், எண்ணெய் பட்ட இலையையும் சுடும். சேலத்துக் கோடையில் பொழுது சாய்ந்த பிறகே அடியுங்கள். தேனீக்களும் கூடு திரும்பியிருக்கும். வேளாண் பரிந்துரைகளில் லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம், வழக்கம். தொட்டிச் செடிக்கு நான் 5 மில்லியில் தொடங்கி, முதலில் ஓர் இலையில் அடித்துப் பார்ப்பேன்.

ஏற்காட்டில் தோட்டம் போடுபவர்களுக்கு வேறு தொல்லை. மார்கழிக் குளிரில் வேப்பெண்ணெய் உறைந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்குங்கள். அடுப்பில் சூடாக்கினால் அசாடிராக்டின் கெடும்.

கத்தரிக்காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை எந்த எண்ணெயும் தொடாது. வாடித் தொங்கும் குருத்தையும் ஓட்டை விழுந்த காயையும் கிள்ளி அழித்துவிட்டு, மிச்சச் செடிக்கு அடியுங்கள்.