முதல் சுற்றில் எடுக்கும் முன் அந்த முழங்காலைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வே இருக்காது. "நாற்பது யார்டை 4.3 செகண்டில் ஓடினானே அந்தப் பையன், அவனை ஏன் முதல் சுற்றில் ஒருத்தரும் எடுக்கவில்லை?" என்று கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கே டெக்சாஸில் இருக்கும் நம் ஆட்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஹைஸ்கூலில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறார்கள், அதனால் வியாழக்கிழமை ராத்திரி குடும்பமே உட்கார்ந்து, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்ட் பார்க்கிறது. நான் அணிகளுக்காக வீரர்களைப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட் இல்லை. பிசியோதெரபிஸ்ட். கல்லூரி வீரர்களின் முழங்காலையும் தோளையும் 14 வருஷமாகத் தொட்டுப் பார்த்து வருகிறேன், அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம். என்எஃப்எல்லில் ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. 32 அணிகள், 7 சுற்று, போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த ஊருக்குப் போவது என்று பையன் தேர்ந்தெடுக்க முடியாது. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்டில் எடுக்கப்படும் எல்லோருக்கும் 4 வருஷம், முதல் சுற்றில் வந்தவர்களுக்கு மட்டும் அணி விரும்பினால் 5வது வருஷம் உண்டு. இந்த 5 வருஷக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்ட வீரரைப் பார்த்து எல்லோரும் "ஆறிவிட்டதா?" என்று கேட்கிறார்கள், டிவியில் பேசுகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். முதல் சுற்றில் எடுக்கப் போகும் அணி "5 வருஷம் தாங்குமா?" என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதித்துப் பார்க்க பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் முகாமை எல்லோரும் ஓட்டப் பந்தயமாகத்தான் பார்க்கிறார்கள். நாற்பது யார்டு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாவல், 225 பவுண்டு எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை முறை தூக்குகிறான் என்ற எண்ணிக்கை, எல்லாம் திரையில் வரும். ஆனால் 1982ல் டாம்பாவில் அது தொடங்கியபோது முக்கிய நோக்கமே மருத்துவப் பரிசோதனைதான். ஒவ்வொரு அணியும் தனித்தனியாகப் பையன்களை வரவழைத்துச் சோதிப்பதை விட, எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று வந்த ஏற்பாடு அது. இன்றைக்கும் டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அறைகளுக்குப் பையன் ஒவ்வொன்றாகப் போக வேண்டும், அதே முழங்காலை ஒருவர் மாற்றி ஒருவர் இழுத்துப் பார்ப்பார்கள். போய்வந்த ஒரு பையன் என்னிடம் சொன்னான்: காலையில் நன்றாக இருந்த மூட்டு சாயங்காலம் வலித்தது என்று. கேமரா போகாத அந்த அறைகளில்தான் நிறையப் பேரின் சுற்று தீர்மானமாகிறது. 2018ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் ஹர்ஸ்ட்டுக்கு அங்கே எடுத்த இதயப் பரிசோதனையில் சந்தேகம் வந்தது, முதல் சுற்று ஆள் என்று பேசப்பட்டவர் 5வது சுற்றுக்கு இறங்கினார்.

ஓட்ட நேரத்தைப் பற்றி ஒரே ஒரு உதாரணம் போதும். 2017ல் ஜான் ராஸ் 4.22 செகண்டில் ஓடினார், அது அப்போது கம்பைன் சாதனை. சின்சினாட்டி அணி அவரை 9வது ஆளாக எடுத்தது. கல்லூரியில் 2015 சீசன் முழுவதையும் முழங்கால் காயத்தால் இழந்தவர், கம்பைன் முடிந்த கையோடு தோளில் அறுவை செய்துகொண்டவர். இது ரகசியமே இல்லை, எல்லா அணிகளின் கையிலும் இருந்த தகவல். முதல் வருஷம் 3 ஆட்டம்தான் இறங்கினார், ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. 36 மீட்டர் சொச்சம் நேர்கோட்டில் ஓடும் வேகம் ஓர் உடம்பு என்ன செய்யும் என்பதைக் காட்டும், எத்தனை நாள் செய்யும் என்பதைக் காட்டாது.

இப்போது டாட் கர்லி. என் வேலையில் நான் அதிகமாக யோசித்துப் பார்த்த வழக்கு இவருடையது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக், 2014 நவம்பரில் இடது முழங்காலில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் ஏசிஎல் அறுந்தது. அடுத்த ஏப்ரலில், இன்னும் ஓடிக் காட்டவே முடியாத நிலையில், ராம்ஸ் அணி அவரை 10வது ஆளாக எடுத்தது. அன்றைக்கு நிறையப் பேர் அதைச் சூதாட்டம் என்றார்கள். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது, 2017ல் லீக்கின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். சரி, அப்புறம்? 2018 கோடையில் அணி அவருக்கு 4 வருஷ நீட்டிப்பு கொடுத்தது, அதில் 4.5 கோடி டாலர் உத்தரவாதம் என்று செய்தி வந்தது. அந்த சீசனின் கடைசியில் முழங்கால் தொல்லை ஆரம்பித்தது. 2019 பிப்ரவரியில் நடந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 10 முறைதான் பந்தைச் சுமந்தார், 35 யார்டு. அதே முழங்காலில் தேய்மானம் என்று செய்தி பரவியது. 2020 மார்ச்சில் ராம்ஸ் விடுவித்துவிட்டது, அட்லாண்டாவில் ஒரு சீசன், அதோடு 26 வயதில் முடிந்தது.

அவரை முதல் சுற்றில் எடுத்தது தப்பா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். அந்த முழங்கால் எத்தனை வருஷம் கொடுக்கும் என்று ஒரு நல்ல டாக்டர் 2015ல் சொல்லியிருப்பாரோ, ஏறக்குறைய அத்தனை வருஷம் கொடுத்தது. டிராஃப்ட் ஒப்பந்தம் அந்த ஆயுளுக்குள் அடங்கியது, நீட்டிப்பு அடங்கவில்லை. ஒரே முழங்கால், ஒரே அணி, முதல் கணக்கு சரி, இரண்டாவது கணக்கு தப்பு. "5 வருஷம் தாங்குமா" என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. ஃபிராங்க் கோர், மயாமி பல்கலைக்கழகம். கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் ஏசிஎல் அறுவை. 2005ல் 64 பேர் எடுக்கப்பட்ட பிறகுதான் அவர் பெயர் வந்தது, 3வது சுற்று. ரன்னிங் பேக்குகள் நாலைந்து வருஷத்தில் ஓய்ந்துபோகும் ஆட்டத்தில் அவர் 16 சீசன் ஆடினார். பந்தைச் சுமந்து ஓடியது சரியாக 16,000 யார்டு, எமிட் ஸ்மித்துக்கும் வால்டர் பேட்டனுக்கும் அடுத்து வரலாற்றிலேயே மூன்றாம் இடம்.

அப்படியென்றால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது? நம் ஊரில் முழங்காலுக்குள் எது போனாலும் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் கயிறு. அது அறுந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்து மாற்றுக் கயிறு கட்டிவிடலாம், இன்றைக்கு நன்றாகவே கட்டுகிறார்கள். மெனிஸ்கஸ் வேறு. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. அது கிழிந்தால் டாக்டர் ஒன்று தைப்பார், இல்லை கிழிந்த பகுதியை வெட்டி எடுப்பார். வெட்டினால் பையன் சீக்கிரம் களத்துக்குத் திரும்புவான், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் அந்த மெத்தை தாங்கிய பாரம் அன்றிலிருந்து எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பின் மேல் விழும், குருத்தெலும்பு தேய்ந்தால் திரும்பி வராது. "ஏசிஎல் அறுந்தது" என்று செய்தி வரும்போது என் முதல் கேள்வி, கூட வேறு என்ன போனது என்பதுதான். கயிறு மட்டும் போன முழங்காலும், கயிறு போய் மெத்தையிலும் பாதி போன முழங்காலும் கம்பைனில் ஒரே வேகத்தில் ஓடும். நாலாவது வருஷம் ஒரே மாதிரி ஓடாது.

நரம்பு போனால் கதை இன்னும் வேறு. 2016 ஜனவரி 1, ஃபியஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டம், நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் தடுப்பு ஆட்டக்காரர் (லைன்பேக்கர்) ஜெய்லன் ஸ்மித். அந்த வருஷம் முதல் ஐந்து பேருக்குள் போவார் என்று பேசப்பட்டவர். கயிறுகள் அறுந்ததோடு முழங்காலின் வெளிப்பக்கம் இறங்கும் நரம்பும் அடிபட்டது, பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. அடிபட்ட நரம்பு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை உங்கள் காலில் நீங்களே விரலால் அளந்து பாருங்கள், எத்தனை மாதம் என்று புரியும். அதுவும் வளர்ந்தால்தான். முதல் சுற்றில் யாரும் தொடவில்லை. டல்லாஸ் கௌபாய்ஸ் 34வது ஆளாக எடுத்தது, அவருக்கு அறுவை செய்தவரே அந்த அணியின் டாக்டர்தான், மற்றவர்கள் எம்ஆர்ஐ படத்தில் பார்த்ததை அவர் நேரில் பார்த்திருந்தார். 2016 முழுக்க உட்கார வைத்தார்கள். 2017ல் இறங்கினார், 2019ல் லீக்கின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுல் வரை போனார்.

களத்தில் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதும் இதோடு சேர்ந்தது. திசை மாற்றி வெட்டி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவருக்கும், தடுப்பு வரிசையின் நடுவில் நின்று தள்ளும் டிஃபென்சிவ் டாக்கிளுக்கும் முழங்கால் செய்யும் வேலை ஒன்றில்லை. 2019 பிப்ரவரியில் ஏசிஎல் அறுந்த டிஃபென்சிவ் டாக்கிள் ஜெஃப்ரி சிம்மன்ஸை டென்னசி டைட்டன்ஸ் அதே ஏப்ரலில் 19வது ஆளாக எடுத்தது, அக்டோபரில் களமிறங்கினார், இன்றைக்கு அந்த அணியின் தூண்.

என் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு கல்லூரிப் பையன், அறுவை முடிந்து 7 மாதம், மூன்று வாரத்தில் கல்லூரியில் ப்ரோ டே, அதாவது ஸ்கவுட்டுகள் முன்னால் ஓடிக் காட்டும் நாள். படுக்க வைத்து முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. மேலே டேப்பைச் சுற்றி அளந்தேன், நல்ல தொடைக்கும் இந்தத் தொடைக்கும் 2 செ.மீ. வித்தியாசம். ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். தூரத்தில் குறையே இல்லை, நல்ல காலோடு ஒப்பிட்டால் 94 சதவீதம், தாளில் எழுதினால் தேறிவிடுவான். இன்னொரு முறை தாவச் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல காலில் இறங்கும்போது ஷூ தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அறுவை செய்த காலில் தொப்பென்று விழுந்தான். முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்காமல், இடுப்பும் முதுகும் வாங்கிக்கொண்டிருந்தன. எட்டு அங்குலப் பெட்டியிலிருந்து மெதுவாக இறங்கச் சொல்லி போனில் வீடியோ எடுத்து அவனிடமே காட்டினேன், முட்டி உள்பக்கமாகச் சாய்வது அவனுக்கே தெரிந்தது. "வலிக்கவில்லையே" என்றான். உண்மையாகவே வலிக்கவில்லைதான்.

அவன் ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்தார். தயாராகவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ப்ரோ டேயில் அவன் ஓடவில்லை. மூன்று சுற்றுக்குள் பெயர் வந்துவிடும் என்று நம்பியிருந்த குடும்பம், 7 சுற்று முடிந்தும் வரவில்லை. அன்று ராத்திரி அவன் அம்மா பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஓர் அணி டிராஃப்டுக்கு வெளியே சேர்த்துக்கொண்டது, மிகக் குறைந்த சம்பளத்தில். மறுபடி அதே கால் என் முன்னால் வந்தாலும் அதையேதான் எழுதுவேன். அறுவைக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன்னால் திருப்பம் நிறைந்த ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம் வரும் ஆபத்து தெளிவாகவே கூடுதல். 21 வயதில் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்காக அதைத் தாண்டிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை பார்த்தும் அணிகள் தவறுகின்றன. கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் டிராஃப்ட் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். களத்தில் ஒரே இடத்தில் ஆட அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் நன்றாக ஆட வாய்ப்பு 52 சதவீதம் என்று வந்தது, காசைச் சுண்டிவிட்டுப் பார்ப்பதை விடக் கொஞ்சம்தான் மேல். அதனால்தான் உங்கள் அணி காயம்பட்ட ஒருவரை எடுத்த அன்றே திட்டாதீர்கள் என்று சொல்கிறேன், வேகமாக ஓடியவரை எடுத்த அன்றே கொண்டாடவும் வேண்டாம்.

பிள்ளைகள் ஆடும் வீடுகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வலியை மறைக்கப் பழக்காதீர்கள். கோச் உட்கார வைத்துவிடுவார், கல்லூரியிலிருந்து வந்து பார்ப்பவர்கள் பெயரை அடித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் மறைத்த காயம் எம்ஆர்ஐயில் என்றாவது ஒருநாள் தெரிந்துவிடும், அப்போது காயத்தோடு சேர்த்துப் பையனின் சொல்லையும் நம்ப மாட்டார்கள். 15 வயதில் நடந்த அறுவையின் விவரம் 22 வயதில் கேட்கப்படும். ஒரு ஃபைல் போட்டு வையுங்கள். எம்ஆர்ஐ சிடி, அறுவை செய்த அன்று டாக்டர் எழுதிய ஆபரேஷன் நோட், பிசியோவின் அளவுகள், தலையில் அடிபட்டிருந்தால் அந்தத் தேதி. டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது, அதில் "ஏசிஎல் சர்ஜரி" என்று ஒரு வரிதான் இருக்கும்.

போன மாதம் ஒரு அப்பா பத்தாவது படிக்கும் பையனோடு வந்தார். ஆபரேஷன் நோட் இருக்கிறதா என்று கேட்டதும் காருக்குப் போய் ஒரு நீல ஃபைலை எடுத்து வந்தார். இரண்டாவது பக்கத்தில், மெனிஸ்கஸ் தைக்கப்பட்டது, வெட்டவில்லை என்று எழுதியிருந்தது, எத்தனை தையல் என்பதும் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் அவன் எப்போது குந்தலாம், எப்போது ஓடலாம் என்று என்னால் தேதி போட்டுக் கொடுக்க முடிந்தது.