"வலி மாத்திரை ரெண்டு குடுங்க"

மருந்துக்கடையில் இப்படிக் கேட்டால், அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டை வெட்டிச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. அந்தப் பெயர் நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உள்ளே இருப்பது ஐபுப்ரோஃபெனா, டைக்ளோஃபினாக்கா, பாராசிட்டமாலா என்பதைப் பொறுத்து அது உடம்பில் செய்யும் வேலையும் மாறும், கெடுதலும் மாறும்.

கால் சுளுக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட இடத்துச் செல்களின் சவ்விலிருந்து ஒரு கொழுப்பு அமிலம் வெளிவருகிறது. காக்ஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. அது பக்கத்திலுள்ள நரம்பு முனைகளை உசுப்பிவிடுகிறது. அதன்பிறகு கணுக்காலில் போர்வை உரசினாலே உயிர் போகிறது. அந்த இடம் சிவந்து வீங்குவதிலும் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்குண்டு.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மூன்றும் காக்ஸ் நொதியை அடைத்துவிடுகின்றன. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி குறைகிறது, நரம்பு அடங்குகிறது, வீக்கமும் தணிகிறது. ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-இல்தான். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளும் காரணம் தெரியாமலேதான் உலகம் அதை விழுங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் மாத்திரைக்குக் கணுக்கால் எது, வயிறு எது என்று தெரியாது. ரத்தத்தோடு கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும் சளிப்படலத்துக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் துணை. அது குறைந்தால் புண் வரலாம், ரத்தமும் கசியலாம். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையலாம். ஆனால் ரத்தத்தின் வழியாகவும் பாதிப்பு வருவதால் சாப்பாடு முழுக் காவல் ஆகாது. மாதக்கணக்கில் மூட்டு வலிக்குத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெரியவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அவர்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தம் உறைவதற்கும் காக்ஸ் வேண்டும். ஆஸ்பிரின் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. புது நொதியைச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஆகவே அது வாழும் ஏழு முதல் பத்து நாளும் முடங்கியே கிடக்கும். இதய நோயாளிகளுக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் தினமும் தருவது இதற்காகத்தான். அதே குணம் டெங்குவில் ஆபத்து. ஏற்கெனவே தட்டணுக்கள் சரிந்துகொண்டிருக்கும் உடம்பில் ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போனால் ரத்தக்கசிவு கூடலாம். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான்.

இலங்கையில் 'பனடோல்' என்று கேட்டு வாங்குவதும் இந்தப் பாராசிட்டமாலைத்தான். இது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. முழு விவரம் இன்னும் ஆய்வில் இருக்கிறது. வலியும் காய்ச்சலும் குறையும், வீக்கம் அவ்வளவாகக் குறையாது. சொன்ன அளவில் போட்டால் வயிற்றை அதிகம் படுத்தாது.

இதன் ஆபத்து கல்லீரலில் இருக்கிறது. பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி அங்கே நச்சாக மாறும். குளூட்டத்தயோன் என்ற பொருள் உடனுக்குடன் அதைச் செயலிழக்கச் செய்யும். அளவு மீறினால் குளூட்டத்தயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே கொல்லத் தொடங்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடுகிறது. எடை குறைந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. சளி மாத்திரை பலவற்றிலும், உடம்பு வலிக்கான கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. பெயரைப் படிக்காமல் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போடுபவர் ஒரே மருந்தை இரண்டு மடங்கு விழுங்குகிறார்.

அளவு மீறிய முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமலே இருக்கலாம். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல், காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.