டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அதிகம் என்றால் தைராய்டு அதிகம் இல்லைங்க!

மறுபடியும் அதே கதை. ஹைப்போதைராய்டுக்கு, அதாவது தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு, தைராக்ஸின் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு முகம் உப்பிப்போய் வந்து உட்கார்ந்தார். கேட்டால், "ரிப்போர்ட்ல டிஎஸ்ஹெச் ஹைனு போட்டிருக்கே, அப்புறம் கூட்டுற மாத்திரை எதுக்குன்னு தம்பி சொன்னான்." எல்லா வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருக்கிறார்.

சரி, ஹைப்போ, ஹைப்பர் இரண்டுமே கிரேக்க முன்னொட்டுகள். ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே. லத்தீனில் இவற்றின் உறவுக்காரர்கள்தான் சப், சூப்பர். தோலுக்கு அடியில் போகிற ஊசி ஹைப்போடெர்மிக். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வலது ஹைப்போகாண்ட்ரியம்' என்று பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்களே, காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு, விலாவின் குருத்தெலும்புக்குக் கீழே ஈரல் இருக்கிற இடத்துக்கு அது பெயர், நோய் இல்லை.

இப்போது அந்தத் தம்பிக்கு. டிஎஸ்ஹெச்சைத் தைராய்டு சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அதைச் சுரந்து தைராய்டை வேலை வாங்குகிறது. எழுந்திருக்காத பிள்ளையை அம்மா எழுப்புகிற மாதிரி, தைராய்டு எவ்வளவு மந்தமோ அவ்வளவு சத்தம். அதனால் டிஎஸ்ஹெச் ஏறி, தைராய்டு சுரக்கிற டி4 ஹார்மோன் இறங்கியிருந்தால் அது ஹைப்போ. டிஎஸ்ஹெச் இறங்கி டி4 ஏறியிருந்தால் பெரும்பாலும் ஹைப்பர், அதற்குக் கார்பிமசோல் மாதிரி நேர் எதிரான மருந்து. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தைராய்டுதானே என்று மாத்திரையை மாற்றிச் சாப்பிடுகிறவர்களை என்ன சொல்ல!

ஹைப்பர்டென்ஷன் இன்னொரு தொல்லை. அந்த டென்ஷன் ரத்த அழுத்தம், மனக்கவலை இல்லை. "நான் நிம்மதியாத்தான் இருக்கேன்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். காபிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் வீட்டாரே, தயவுசெய்து ஒன்று. வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70க்குக் கீழே போனால் அதுவும் ஹைப்போ, இங்கே இறங்கியிருப்பது ரத்தச் சர்க்கரை. "சுகர்காரருக்குச் சர்க்கரையா" என்று யோசிக்காமல் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். போனில் ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது, "சுகர் இறங்கிடுச்சு" என்றே சொல்லுங்கள்.