வணிகப் பயிற்றுநர்: ‘குரு’ என்ற மொழிபெயர்ப்பு ஏன் தவறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் மண்டப வாசல் பதாகைகளிலும் வாட்சாப் அழைப்புகளிலும் ‘வணிக குரு’ என்ற தொடர் பெருகிவிட்டது. தொழில் நடத்துவோரைப் பழக்கித் திருத்தும் ‘பிசினஸ் கோச்’ என்பதற்கு இதுதான் தமிழாம். ‘வணிகக் குரு’ என்று ஒற்றுப் போடக்கூட யாருக்கும் பொறுமையில்லை. ஒற்று விடுபட்டது சிறிய பிழை. பொருள் கெட்டது பெரிய பிழை.

கோச் என்பது முதலில் ஒரு வண்டி. ஹங்கேரியின் கொச் என்ற சிற்றூர் 15ஆம் நூற்றாண்டில் வண்டிகளுக்குப் பேர்போனது. ஊர்ப்பெயர் வண்டிக்கு ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வைக் கடக்க உதவும் தனியாசிரியரைக் கிண்டலாக அப்படி அழைத்தார்கள். பிறகு விளையாட்டு, அதன்பின் வணிகம்.

தமிழில் ‘பயில்’ என்றால் பழகுதல், செய்து செய்து கைவரப்பெறுதல். பிறரைப் பயில வைப்பது ‘பயிற்று’. ஓட்டுநர், இயக்குநர் போல, பயிற்றுபவர் பயிற்றுநர். ‘பயிற்சியாளர்’ போதாதா என்பார்கள். அந்தச் சொல் பயிற்சி தருபவரா பெறுபவரா என்று தெளிவாகச் சொல்வதில்லை. நம் தமிழ்ப்பள்ளிகளில் ‘பயிற்சி ஆசிரியர்’ என்றால் இன்னும் பயின்றுகொண்டிருப்பவர்தானே? ‘தொழிற்பயிற்றுநர்’ என்றாலோ வெல்டிங் கற்றுத்தருபவர் என்று ஆகிவிடும். ஆகவே வணிகப் பயிற்றுநர்.

இனி ‘குரு’. மலாய் மொழியில் அது பள்ளி ஆசிரியருக்கான அன்றாடச் சொல். தலைமையாசிரியர் ‘குரு பெசார்’. அங்கே அதில் தெய்வீகம் ஒன்றும் இல்லை. தமிழன் காதில் குரு என்றால் தீட்சை, தட்சிணை, காலில் விழுதல். குருவிடம் கணக்குக் கேட்பது அபசாரம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். முறுக்கு சுட்டு விற்கும் அக்காவோ லோரி வைத்திருக்கும் அண்ணனோ ‘குரு’ முன் உட்கார்ந்ததும் கேள்வி கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறார். பாடம் பலிக்கவில்லை என்றால் ‘உங்கள் மனநிலை சரியில்லை’ என்ற பதிலையும் ஏற்றுக்கொள்கிறார். வணிகப் பயிற்சிக்கு இதைவிடக் கேடு வேறு இல்லை. நல்ல பயிற்றுநரின் முதல் வேலையே கேள்வி கேட்பதும் கேட்க விடுவதும்தான். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்றார் வள்ளுவர். மன்னனையே இடித்துரைக்கும் ஆள் அவர் கேட்டது. இங்கே மண்டபத்தில் எழுந்து நின்று கைதட்டச் சொல்கிறார்கள்.

வேறு இரண்டு சொற்களும் இதோடு குழம்புகின்றன. உங்கள் கணக்கைப் பார்த்து ‘இதைச் செய்யுங்கள்’ என்று தீர்வு சொல்பவர் ஆலோசகர். அதே தொழிலில் முன்னே நடந்தவர், கட்டணம் பேசாமல் கலந்துபேசக் கிடைப்பவர் உசாத்துணை. உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். அந்த அருமையான சொல்லை இன்று நூற்பட்டியலின் தலைப்பாகச் சுருக்கிவிட்டோம். நீங்களே செய்து பழக, கூட நின்று திருத்துபவர்தான் பயிற்றுநர். வரி, உரிமம் பற்றிய சந்தேகத்துக்குக் கணக்காளர் போதும், பயிற்றுநர் எதற்கு? இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஆலோசகர் விலைக்கு மேடைப் பேச்சை வாங்குகிறார்கள்.

ஆளை எடைபோட முதல் சந்திப்பே போதும். கடந்த மூன்று மாத விற்பனை, செலவு, கடன் நிலுவையைக் கேட்கிறாரா? கேட்காமலே திட்டம் விற்றால் அது எல்லாருக்கும் தைத்த ஒரே சட்டை. ஒரு பொட்டலம் முறுக்கு 5 ரிங்கிட் என்று வையுங்கள். மாவு, எண்ணெய், எரிவாயு 2.40, பொட்டலம் 0.20, கடைக்காரர் கழிவு 25 விழுக்காடு, அதாவது 1.25. மிச்சம் 1.15. பயிற்சிக் கட்டணம் 3,000 ரிங்கிட் என்றால், அதை மீட்கவே கூடுதலாக 2,609 பொட்டலம் விற்கவேண்டும். இந்தக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து போடத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

‘இன்றிரவே கட்டினால் பாதி விலை’ என்பது யோசிக்க விடாத தந்திரம். வெற்றிச் சான்று சொல்பவர்களின் தொழிலைப் பாருங்கள். அவர்களும் வகுப்புதான் விற்கிறார்கள் என்றால் அங்கே வேறு வணிகமே இல்லை. வருமானம் ஆள்சேர்ப்பிலிருந்து வருகிறதென்றால் அது பிரமிட் திட்டம். மலேசியாவின் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் திட்ட எதிர்ப்புச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. மலேசிய இந்தியத் தொழில்முனைவோருக்கான அரசுக் கடன் திட்டமான தெக்குன் ஸ்பூமியில் கிடைத்த தொழில் மூலதனத்தை வகுப்புக் கட்டணமாகக் கரைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று: பதாகை அச்சிடுபவர் ‘குரு’ கேட்டாலும் பயிற்றுநர் என்றே எழுதிக்கொடுங்கள். பணம் கட்டுபவர்களுக்கும் ஒன்று: எத்தனை அமர்வு, யார் நடத்துவார், எந்த நிலையில் பணம் திரும்பும் என்பதை ரசீதோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.