பழ வாசனைக் கடையும் கண்ணில் படாத நிகோடினும்

வேப், அதாவது மின்சிகரெட், விற்கும் கடைக்குள் காலெடுத்து வைத்ததும் முதலில் வந்து மோதுவது வாசனை. மாம்பழம், ஸ்ட்ராபெரி, வெனிலா, புதினா எல்லாம் கலந்த ஓர் இனிப்பு வாசனை. சிகரெட் விற்கும் இடத்தில் நிற்கிறோம் என்ற எண்ணமே வராது. மிட்டாய்க் கடையும் செல்போன் கடையும் ஒன்றாகச் சேர்ந்தது போலிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்இடி வெளிச்சத்தில் மின்னும் கருவிகள், வண்ண வண்ணக் குப்பிகள் அடுக்கிய சுவர், சாய்ந்து உட்கார ஒரு சோபா, பெயர் சொல்லிக் கூப்பிடும் விற்பனையாளர். வேப் பழக்கத்தை நிறுத்த உதவி கேட்டு வருபவர்கள் நிகோடினைப் பற்றிப் பேசுவதைவிட இந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். "அங்க போய் உக்காந்தாலே மனசு லேசாயிடும் டாக்டர்" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு.

அந்த இதம் பொய்யில்லை. தனியாக இருப்பவருக்கு அங்கே பேச்சுத்துணை கிடைக்கிறது, சிகரெட் நாற்றத்துக்காக வீட்டில் திட்டு வாங்கியவருக்கு மரியாதை கிடைக்கிறது. ஆனால் அந்த வாசனையும் வெளிச்சமும் சோபாவும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று உண்டு. கடையின் உண்மையான சரக்கு நிகோடின். அது மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை.

வாசனையிலிருந்தே பார்ப்போம். வேப் கருவியிலிருந்து வருவது நீராவி என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அதில் தண்ணீர் கொஞ்சம்தான். கருவியில் ஊற்றும் திரவமான லிக்விடில் பெரும்பங்கு புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். கருவிக்குள் இருக்கும் "காயில்" என்ற கம்பிச்சுருள் சூடேறும்போது இவை ஆவியாகி, காற்றுப் பட்டதும் குளிர்ந்து நுண்துளிகளாகத் திரள்கின்றன. பெரும்பாலான துளிகள் 2.5 மைக்ரானைவிடச் சிறியவை என்பதால் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை போய்விடும். நேரில் பார்க்க வேண்டுமா? பூட்டிய காருக்குள் தினமும் வேப் பிடிப்பவரின் முன்கண்ணாடியை உட்பக்கமாக விரலால் தேய்த்துப் பாருங்கள். மங்கலாக, பிசுபிசுவென்று ஒரு படலம் விரலோடு வரும். காய்ந்த துணியால் துடைத்தால் போகாது, பட்டை பட்டையாக இழுபடும். வெறும் நீராவியாக இருந்தால் இதற்குள் காய்ந்து போயிருக்க வேண்டும். அந்தப் படலத்தில் கிளிசரினோடு நிகோடினும் இருக்கிறது. கடையின் கண்ணாடிப் பெட்டியிலும் இதே படலம் படியும். அன்றாடம் துடைப்பதால் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை. அங்கே நாள் முழுவதும் வேலை பார்ப்பவரின் நுரையீரலுக்கு அப்படித் துடைத்துவிட ஆள் கிடையாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் காற்றோட்டமில்லாத வேப் கடைக்குள் துணைக்குக்கூடப் போய் நிற்கக் கூடாது.

அடுத்தது ப்ளேவர் சுவர். சந்தையில் குறைந்தது 16,000 ப்ளேவர்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் குறிப்பிட்டு, எல்லா ப்ளேவர்களையும் தடை செய்யும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. "இதெல்லாம் சாப்பாட்டில் போடுவதுதானே" என்பது கடைகளில் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். சாப்பிடுவதற்குப் பாதுகாப்பானது என்ற சான்று வயிற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். குடலும் கல்லீரலும் சமாளிக்கும் ஒரு பொருளை நுரையீரலின் மெல்லிய சுவர் சமாளிக்க வேண்டும் என்பதில்லை. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தின்பதற்குப் பிரச்சினையில்லாத பொருள். ஆனால் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. அந்தத் தழும்பு ஆறுவதில்லை. இலவங்கப்பட்டை மணம் தரும் சின்னமால்டிஹைடு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவைக் குறைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

பெயரோடு "ஐஸ்" என்று ஒட்டிக்கொண்டு வரும் ப்ளேவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதினா மணமே இல்லாமல் குளிர்ச்சியை மட்டும் தரும் செயற்கைப் பொருள்களை இவற்றில் சேர்க்கிறார்கள். தொண்டை எரிச்சல் அந்தக் குளிர்ச்சியில் அமுங்கிப்போகும். எரிச்சல் இல்லையென்றால் ஆழமாக இழுப்போம், அதிக நேரம் உள்ளே வைத்திருப்போம். இருமல் என்ற காவலாளியைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே போகிற வழி இது.

நிகோடின் உப்பு செய்வதும் அதையேதான், இன்னும் வலுவாக. பழைய வகை லிக்விடில் நிகோடின் காரத்தன்மையோடு இருந்தது. ஒரு மில்லிக்கு 18 மில்லிகிராம் என்றாலே தொண்டையில் கீறும். பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் போக மாட்டார்கள். பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக்கியதும் காரத்தன்மை இறங்கிவிட்டது, 50 மில்லிகிராமைக்கூட உறுத்தலில்லாமல் இழுக்க முடிகிறது. சிகரெட்டே பிடிக்காத இளைஞர் ஒருவர் முதல் நாளிலேயே இருமாமல் இழுக்கிறார் என்றால் காரணம் இதுதான். மூளை 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் நிகோடின் அதில் வேர்பிடித்தால், பிடுங்குவது பெரியவர்களைவிடக் கடினம்.

குப்பியில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். சில குப்பிகளில் 20 என்று மில்லிகிராமில் போட்டிருக்கும், சிலவற்றில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும். ஐந்து சிறிய எண்ணாகத் தெரிகிறது, ஆனால் 5 சதவீதம் என்பது ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். 20 மில்லிகிராம் என்பது வெறும் 2 சதவீதம். சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் மில்லிகிராம் வந்துவிடும். "பாட்" என்பது சிறு கருவியில் செருகும் லிக்விட் கூடு. 2 மில்லி பிடிக்கும் ஒரு பாடில் 20 மில்லிகிராம் லிக்விட் இருந்தால் மொத்தம் 40, ஐந்து சதவீத லிக்விட் இருந்தால் 100. இழுப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை என்றாலும், ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம்தான் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 20 மில்லிகிராமை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. டேங்க் 2 மில்லிக்கும் நிகோடின் குப்பி 10 மில்லிக்கும் மேல் போகக் கூடாது என்பதும் அங்கே சட்டம். "நிகோடின் இல்லை" என்று அச்சிட்ட சில லிக்விடுகளைப் பரிசோதித்தபோது அவற்றில் நிகோடின் இருந்திருக்கிறது. ஆகவே பூஜ்யம் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி ஒரு சிறுவனுக்கு வாங்கிக் கொடுப்பது பெரிய தவறு.

எண் சரியாக இருந்தும் கருவி தவறாகிவிடுவது உண்டு. மின்தடை 1 ஓமுக்குக் குறைந்த காயில் போட்ட பெரிய கருவி ஒரே இழுப்பில் ஏராளமான மேகத்தைத் தள்ளும். அதற்கு 3 முதல் 6 மில்லிகிராம் லிக்விடுதான் வழக்கம். பாட் கருவிக்கென்று வாங்கிய 50 மில்லிகிராம் உப்பு லிக்விடை அதில் ஊற்றினால் சில இழுப்புகளிலேயே தலைசுற்றல், குமட்டல், வியர்வை, படபடப்பு வரும். கடையில் நண்பரின் கருவியை வாங்கி ஒரு இழுப்பு பார்த்தவர் மயங்கிச் சாய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காயிலுக்குள் இருக்கும் பஞ்சு லிக்விடில் ஊறியிருக்கும்வரை சூடு ஓரளவு கட்டுக்குள் இருக்கும். புதுக் காயில் போட்டவுடன் இழுத்தாலோ, லிக்விட் தீர்ந்த பிறகும் இழுத்தாலோ பஞ்சு கருகும். வாயில் ஒரு கசப்பான கருகல் சுவை வரும். அந்த நொடியில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் என்ற நச்சுகள் பல மடங்கு கூடுகின்றன. "ப்ளேவர் கெட்டுப்போச்சு" என்று நினைத்துத் தொடர்ந்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருமுறை கருகிய பஞ்சு திரும்பச் சரியாகாது, காயிலை எறிந்துவிட வேண்டியதுதான். தனியாகக் கழற்றும் பேட்டரிகளில் மேலுறை கிழிந்ததைப் பயன்படுத்துவதும், சில்லறையும் சாவியும் கிடக்கும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும் தீக்காயத்தில் முடியும். உலோகம் இரு முனைகளையும் இணைத்ததும் பேட்டரி சில நொடிகளில் சூடேறித் தீப்பிடிக்கும். தொடையில் ஆழமான காயங்கள் இப்படித்தான் ஏற்படுகின்றன.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத லிக்விடைத் தொடவே வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் வேப் சார்ந்த நுரையீரல் பாதிப்பு பரவியபோது, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். உறுதியான இறப்பு மட்டும் 68. பெரும்பாலும் முறைசாரா வழிகளில் வாங்கிய கஞ்சா எண்ணெய்க் குப்பிகள்தான் காரணம், அவற்றைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் குற்றவாளி. தோலுக்குப் பூசும் கிரீமில் சாதாரணமாக இருக்கும் பொருள் அது. நுரையீரலுக்குள் போனதும் கதை மாறிவிட்டது.

கடைப் பேச்சில் "சிகரெட்டை நிறுத்த இதுதான் வழி" என்பது தவறாமல் வரும். இதில் உண்மையும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். 2019இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் 886 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு சிகரெட்டை விட்டிருந்தவர்கள், வேப் கொடுத்த குழுவில் 18 சதவீதம். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவை கொடுத்த குழுவில் 9.9 சதவீதம். இரு குழுவுக்கும் நேரடி ஆலோசனையும் சேர்த்தே தரப்பட்டது. கடையில் சொல்லாமல் விடும் பாதி இனிமேல்தான். சிகரெட்டை விட்டவர்களில், வேப் குழுவினர் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் பட்டையோ சூயிங்கமோ தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சிகரெட் போனது, நிகோடின் தங்கிவிட்டது. புகைப்பழக்கமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கில் எந்த லாபமும் இல்லை. பகலில் வேப், ராத்திரியில் சிகரெட் என்று இரண்டையும் வைத்திருப்பவருக்கும் இல்லை.

விற்பனையாளர் கேட்பதைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், என்ன ப்ளேவர் பிடிக்கும் என்பார். நெஞ்சுவலி வந்ததுண்டா, கர்ப்பமா, எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்பவர் அரிது. நிறுத்தும் தேதி இல்லாத இடத்தில் சிகிச்சை என்ற சொல்லுக்கு இடமில்லை. சிகரெட்டுக்காவது ஒரு முடிவு உண்டு, பத்துப் பதினைந்து இழுப்பில் தானாக அணைந்துவிடும். வேப் கருவிக்கு அந்த முடிவு கிடையாது. எங்கே ஆரம்பித்தோம், எவ்வளவு இழுத்தோம் என்று கைக்கும் தெரியாது, மனதுக்கும் தெரியாது.

வீட்டில் குப்பி இருந்தால் அலமாரியில் பூட்டி வையுங்கள். பழ வாசனை குழந்தையை இழுக்கும். 20 மில்லிகிராம் அளவுள்ள 10 மில்லிக் குப்பியில் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது, சில மில்லி உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வாந்தி, எச்சில் வடிதல், முகம் வெளிறுதல், வியர்வை, பிறகு சோர்வு, வலிப்பு என்று வேகமாகப் போகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தோலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

நிறுத்த நினைப்பவர் முதலில் ஒரு வாரம் கணக்கு எழுத வேண்டும். ஒரு நாளில் தீரும் மில்லியை லிக்விடின் மில்லிகிராமால் பெருக்குங்கள். 20 மில்லிகிராம் லிக்விடில் 2 மில்லி தீர்ந்தால் 40. வலுவைக் குறைக்கிறேன் என்று 10 மில்லிகிராமுக்கு இறங்கி 4 மில்லி இழுத்தால் அதுவும் 40தான், எதுவுமே குறையவில்லை. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மில்லி அளவைக் கூட்டாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு படியாக வலுவை இறக்குங்கள். விழித்து அரை மணி நேரத்துக்குள் கை கருவியைத் தேடுகிறது என்றால் பிடிப்பு ஆழம். அப்படிப்பட்டவருக்கு நிகோடின் சூயிங்கமில் 2 மில்லிகிராம் போதாது, 4 தேவைப்படும். பட்டையும் சேர்த்துக் கொடுப்போம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்க வேண்டாம். சூயிங்கமைச் சாதாரண சூயிங்கம் போல மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்து 15 நிமிடம் ஆகாமல் வாயில் போடக் கூடாது.

முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பகுதி தணிந்துவிடும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் வடிந்துவிடும். அந்த நிமிடங்களில் கடை மனதில் வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். சோபா, இசை, பழ வாசனை ஒவ்வொன்றும் மூளைக்கு "இப்போது நிகோடின் வரும்" என்று சொல்லிக் கொடுத்த அடையாளங்கள். அதனால் கடையின் புள்ளி அட்டையைக் கிழித்துப் போடுங்கள், சலுகைச் செய்தி வரும் எண்ணைத் தடை செய்யுங்கள், வீட்டுக்குப் போகும் வழியை ஒரு மாதம் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த நண்பர்களை விட வேண்டாம். அவர்களை வேறோர் இடத்தில், காற்றோட்டமான திறந்த வெளியில் சந்தியுங்கள்.