பெரிய வீட்டுல இருக்கிற ஆச்சிக்கு ஓஏபி கிடைக்குமா?

முதியோர் உதவித்தொகை, ஊர்ல எல்லாரும் ஓஏபின்னுதான் சொல்லுவோம், இப்ப மாசம் 1200 ரூவா. 2023 ஆகஸ்ட்டுலதான் 1000-லேருந்து ஏத்துனாங்க. தமிழ்நாட்டுல இந்த திட்டம் 1962-லேயே வந்துருச்சு, மத்திய அரசு 1995-லதான் ஆரம்பிச்சுது. மத்திய அரசு லிஸ்ட்ல இருக்கவங்களுக்கு டெல்லிலேருந்து வர்ற பங்கு 60 வயசுலேருந்து 79 வரைக்கும் வெறும் 200 ரூவா, 80 ஆனாத்தான் 500. அந்த 200 ரூவா 2007-லேருந்து ஒரு பைசா கூட ஏறல, அன்னைக்கு வித்த அரிசி வெலை என்ன இன்னைக்கு என்னன்னு நீங்களே பாத்துக்கங்க. மிச்சத்தையெல்லாம் மாநில அரசுதான் போடுது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இலவச சேலை, வேட்டி உண்டு.

யாருக்கு கிடைக்கும்னா, 60 வயசு முடிஞ்சிருக்கணும், பாத்துக்க ஆதரவு இல்லாத ஏழையா இருக்கணும், அசையாச் சொத்து 1 லட்ச ரூவாக்கு மேல இருக்கக்கூடாது. இந்த கடைசி கண்டிஷன்தான் நம்ம செட்டிநாட்டுப் பக்கம் நெறைய பேர தடுக்குது.

எங்க தெருவுல ஒரு ஆச்சி இருக்காங்க. வீடு முன் தெருவுல ஆரம்பிச்சு பின் தெருவுல முடியும், முகப்புல பர்மா தேக்குத் தூணு, வளவ, அதாவது நடு முத்தத்தச் சுத்தி அறையா இருக்கும், ஆனா ஒவ்வொரு அறையிலயும் ஒவ்வொரு பங்காளியோட பூட்டு தொங்குது, அவங்கல்லாம் சென்னையிலயும் வெளிநாட்டுலயும் இருக்காங்க, கோயில் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் வருவாங்க. ஆச்சிக்கு சொந்தம்னு இருக்கது ஒரு அறையும், வளவுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டுல அடுப்பு வச்சிருக்க ஒரு மூலையும்தான். வாடகை வராது, விக்கவும் முடியாது, ஏன்னா பங்காளிக அத்தனை பேரும் கையெழுத்து போடாம வாங்குறதுக்கு எவனும் வரமாட்டான். மனு விசாரிக்க வந்தவங்க முகப்புலயே நின்னு பாத்துட்டு "இந்த வீட்டுக்கு எப்படி ஆச்சி எழுதுறது"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க, மனு தள்ளுபடி ஆயிருச்சு.

ரூல்படி பாத்தா பங்குக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்யும், அத மறைச்சு மனு போடச் சொல்லல. ஆனா குடியிருக்கிற வீட்ட சொத்துக் கணக்குல சேக்குறதே தப்புன்னு நான் நெனைக்கிறேன். ஆஸ்திரேலியாவுல முதியோர் பென்ஷனுக்கு சொத்துக் கணக்கு பாக்குறாங்க, நம்மள விட கறாராவே பாக்குறாங்க, ஆனா குடியிருக்கிற வீட்ட அதுல சேக்கிறதில்ல. வீட்டு செங்கலப் பேத்து சோறாக்க முடியாதுல்ல, அந்த நியாயம்தான். தாய்லாந்துல 1993-ல ஏழை முதியவங்களுக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, 2009-ல அரசாங்க பென்ஷன் வாங்காத 60 வயசுக்காரங்க எல்லாருக்கும்னு மாத்திட்டாங்க, பொலிவியாவுல 2008-லேருந்து 60 ஆனா எல்லாருக்குமே உண்டு. இவரு ஏழையா இல்லையான்னு வாசல்ல நின்னு பாத்து முடிவு பண்ற வேலையே அங்க கிடையாது. தொகை சின்னதுதான், அதுக்காக யாரும் வாசல்ல நின்னு கெஞ்ச வேண்டியதில்ல. காசு அதிகம் ஆகும்னு சொல்லுவாங்க, ஆகும்தான், ஆனா பொறுக்கி எடுக்குறப்ப விட்டுப்போறது பெரும்பாலும் பேச வாயில்லாத வயசானவங்கதான்.

உலகம் பூரா இதே கதைதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல சொன்ன கணக்குப்படி உலக ஜனத்தொகைல 52.4 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்பு இருக்கு, பாதின்னு ஒரு கோட்டத் தாண்டுனதே இப்பதான், 380 கோடி பேருக்கு ஒண்ணுமே இல்ல. நம்மாளுக காலங்காலமா போற ஊரையே எடுத்துக்கங்க, மலேசியாவுல இபிஎஃப், அதாவது சம்பளத்துல பிடிச்சு சேக்குற சேமநிதி, 1951-லேருந்து இருக்கு, சிங்கப்பூர்ல அதே மாதிரி சிபிஎஃப் 1955-லேருந்து இருக்கு, ஆனா ஒர்க் பர்மிட்ல போயி கட்டட வேலை பாக்குற நம்ம பயலுக்கு சிபிஎஃப் கிடையாது, அது அந்த ஊர் குடிமக்களுக்கும் பிஆர், அதாவது நிரந்தரமா தங்க அனுமதி வாங்குனவங்களுக்கும் மட்டும்தான். அவன் ஊருக்குத் திரும்பி வந்து வயசானப்பறம் நிக்கப்போறதும் இதே ஓஏபி வரிசையிலதான்.

சரி மனு எப்படி போடுறது. இ-சேவை மையத்துல போடலாம், ஆதார், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துட்டு போங்க. அது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பாத்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார்ட்ட போகும். ஆச்சி மாதிரி இருக்கவங்க கூடவே ஒரு தாள்ல எழுதி வைக்கிறது நல்லது: வீடு பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து, எத்தனை பங்கு, என் பங்கு எவ்வளவு, வாடகையோ வேற வருமானமோ இல்ல, யாரும் பணம் அனுப்புறதில்ல, இது எல்லாம் நேரா உண்மையா. விசாரிக்க வர்றவங்கள முகப்போட அனுப்பாம உள்ள கூட்டிட்டு போயி அந்த அறையையும் அடுப்பையும் காட்டுங்க.

பணம் சாங்ஷன் ஆனப்பறமும் ஒரு தொல்லை இருக்கு, ஊருக்குள்ள மெஷின்ல பணம் வாங்க வைக்கிற கைரேகை. ஆத்தங்குடி கல்லு போடுற வேலையில காலம் பூரா சிமெண்ட்டுலயே கை வச்சவங்களுக்கு ரேகை தேஞ்சு போயிருக்கும், ஊருக்குள்ள மெஷின் கொண்டு வர்றவரு "விழல பாட்டி, அடுத்த மாசம் பாப்போம்"னு போயிருவாரு. அப்படி விடாதீங்க, பாஸ்புக்கோட பேங்க் கிளைக்கே போயி எடுத்துக்கலாம்.

தள்ளுபடி ஆச்சுன்னா காரணத்த எழுத்துல கேளுங்க, வாயால சொன்னத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. தரலேன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், 30 நாள்ல பதில் வரணும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் உள்ளவங்க சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்லயும், திருமயம், பொன்னமராவதி பக்கம் உள்ளவங்க புதுக்கோட்டையிலயும் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுக்கலாம், முதல்வர் உதவி மைய நம்பர் 1100-க்கு போன்லயும் சொல்லலாம். வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல வருவாய்க் கணக்கு சரிபாக்க நடக்குற ஜமாபந்தியும் நல்ல சந்தர்ப்பம். எங்க குடுத்தாலும் மனு நம்பரோட ரசீது வாங்காம வந்துராதீங்க.